சிலான்சார் குவார்ட்டல் குறிப்புகள்

ஏப்ரல் 21, 2024, ஞாயிறு

கம்பெனி எடுத்துக் கொடுத்த ஓட்டல் அறையை விட்டுவிட்டு இன்று உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டின் சிலான்சார் பகுதிக்குக் குடிவந்தேன். தாஷ்கண்டை ஒட்டிய ஒரு நூற்பாலைக்குக் கோவையிலிருந்து வந்திறங்கிய ஸ்பின்னிங் மெஷின்களை மாட்டி, ஓடவிட்டுக் கொடுப்பது என் வேலை. கோடை முழுக்க இழுக்கும். ஓட்டலில் சமைக்க முடியாது. ரசத்துக்காகவே வீடு பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். அதை அவ்வளவுக்கு அளந்துதான் கட்டியிருக்கிறார்கள். 1955-ல் வந்த ஓர் அரசாணை, ஸ்டாலின் காலத்துத் தூண்களையும் கோபுரங்களையும் சிற்பங்களையும் வீண் செலவு என்று நிறுத்தியது. 1957-ல் குருஷேவ் ஆட்சியில் வந்த இன்னொன்று, வீட்டுப் பஞ்சத்தை வேகமாகத் தீர்க்கச் சொன்னது. அப்புறம் சுவரைத் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றி, கிரேனால் அடுக்கினார்கள். சமையலறைக்கு ஆறு சதுர மீட்டர் போதும் என்று முடிவு செய்தார்கள். அதுவரை நாலைந்து குடும்பங்களோடு ஒரே அடுப்படியைப் பங்கு போட்டவர்களுக்கு அந்த ஆறு மீட்டரும் சொந்தமாகக் கிடைத்தது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

தெருவுக்குப் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. குவார்ட்டல் எண், கட்டட எண், வீட்டு எண் இந்த மூன்றையும் சொன்னால் டாக்ஸிக்காரர் வாசலில் கொண்டுவந்து விடுகிறார். ஒரு குவார்ட்டல் என்பது தனிக் கிராமம். பெரிய சாலைகள் வெளியே சுற்றிப் போகும். உள்ளே பள்ளி, பாலர் பள்ளி, கடை, மரங்கள், நடைபாதை. குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வரலாம். இன்று புதிதாகக் கட்டப்படும் எத்தனை அடுக்குமாடிகளில் இதை யோசிக்கிறார்கள்?

ஏப்ரல் 26, வெள்ளி

வேலை முடிந்து நேரே நகரின் நடுவில் இருக்கும் பூகம்ப நினைவுச் சின்னத்துக்குப் போனேன். 1966-ல் இதே தேதி, விடியற்காலை 5.23. கருங்கல் கனசதுரம் ஒன்றின் ஒரு பக்கத்தில் கடிகார முகம், அந்த நேரத்திலேயே நின்றிருக்கிறது. கல் நடுவில் பிளந்து, அந்தப் பிளவு தரையோடு ஓடி ஒரு குடும்பத்தின் காலடியில் முடிகிறது. ஆண் கையை நீட்டிப் பெண்ணையும் குழந்தையையும் மறைக்கிறான். 1976-ல் வைத்தது. சோவியத் சிலைகளில் எனக்குப் பிடித்தது என்று சொல்ல அதிகம் இல்லை. இது பிடித்திருக்கிறது.

நில அதிர்வின் அளவு ரிக்டரில் ஐந்தைச் சற்றுத் தாண்டியதுதான். ஆனால் நகரத்துக்கு நேர் கீழே, ஆழம் குறைந்த இடத்தில் வந்ததால் அடி செங்குத்தாகக் கீழிருந்து மேலே வந்தது. பழைய வீடுகள் பெரும்பாலும் பச்சை மண்கல். ஏறத்தாழ 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். சோவியத் கட்சித் தலைவர் பிரஷ்நேவும் பிரதமர் கோசிகினும் உடனே விமானம் ஏறி வந்தார்கள். கோசிகினுக்கு அது புது ஊர் அல்ல. அந்த ஜனவரியில்தான் இந்தியாவையும் பாகிஸ்தானையும் இங்கே உட்காரவைத்து ஒப்பந்தம் போடவைத்திருந்தார். கையெழுத்தான இரவே லால் பகதூர் சாஸ்திரி இறந்துபோனார். இங்கே அவர் பெயரில் ஒரு தெருவும், அதில் ஒரு மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. பூகம்பம் வந்தது அதற்கு மூன்றரை மாதம் கழித்து.

என் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவர். ஓபா, அதாவது அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அந்தக் கோடை முழுக்கத் தெருவில் கூடாரம் போட்டுப் படுத்தார்களாம். “எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அம்மாதான் அழுதுகொண்டே இருந்தார்” என்றார்.

எல்லா சோவியத் குடியரசுகளும் ஆளும் சாமானும் அனுப்பி நகரத்தைத் திரும்பக் கட்டின என்பதை நினைவுச் சின்னத்தின் பின்னால் இருக்கும் வெண்கலப் புடைப்புகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் மண்கல் சந்துகளை இடித்து அகலச் சாலை போடும் திட்டம் பூகம்பத்துக்கு முன்பே காகிதத்தில் இருந்தது. பூகம்பம் அதற்கு நல்ல சாக்காயிற்று. நகரத்தின் தென்மேற்கில் சிலான்சார் ஐம்பதுகளின் கடைசியிலேயே எழும்பத் தொடங்கிவிட்டது. பூகம்பத்தால் பிறந்த பகுதி என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. நான் இருக்கும் கட்டடம் பூகம்பத்தைப் பார்த்த கட்டடம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் கிளம்பி மதியம் வரை குவார்ட்டல் குவார்ட்டலாக நடந்தேன். வெயில் ஏறினாலும் கஷ்டமில்லை. தெருவோரமெல்லாம் அரிக், அதாவது சின்ன வாய்க்கால். மரங்களுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். சோவியத்துக்கு ரொம்ப முன்பிருந்தே இந்த ஊரின் பழக்கம் இது. கான்கிரீட் பெட்டிகளை வரைந்தவர்களும் அதை விட்டுவிடவில்லை, நல்லவேளை.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கட்டடமும் ஒன்றுதான். கிட்டே போனால் ஒரு பால்கனிகூட இன்னொன்று மாதிரி இல்லை. ஒருவர் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார், ஒருவர் தகரம், ஒருவர் செங்கல். தரைத்தளத்துக்காரர்கள் முன்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டி, திராட்சைக் கொடியும் ஏற்றிவிட்டார்கள். சோவியத் உடைந்ததும் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாயின. அதோடு தொடங்கியது இந்தக் கைவேலை. கீழ்த்தளப் படுக்கையறைகள் பல இன்று மருந்துக்கடை, நோட்டரி, சலூன். ஜன்னல் இருந்த இடத்தில் கதவு, அதற்கு மூன்று படி. எரிவாயுக் குழாய்கள் மஞ்சள் பெயின்ட் அடித்துச் சுவரோடு ஓடி, வாசல் வந்தால் மேலே ஏறி வளைந்து இறங்குகின்றன.

மேற்குப் பார்த்த சில சுவர்களில் கான்கிரீட் ஜாலி. பஞ்சரா என்கிறார்கள். பழைய மசூதிகளிலும் வீடுகளிலும் மரத்தில் செய்தது, இங்கே அச்சில் வார்த்து அடுக்கியிருக்கிறார்கள். ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மாஸ்கோ வரைபடத்தை அப்படியே கட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார் என்று இங்கிருந்த கட்டடக் கலைஞர்கள் புரியவைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் கிடைத்த பெரிய லாபம் மொசைக். ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஜன்னலில்லாத பக்கச் சுவர், தரையிலிருந்து கூரை வரை நீலமும் காவியும் வெள்ளையுமாகப் பூ வேலை. ஜார்ஸ்கி சகோதரர்கள் என்று மூவர், பிரான்சில் வளர்ந்து சோவியத்துக்குத் திரும்பிய ரஷ்யக் குடும்பத்துப் பிள்ளைகள். தாஷ்கண்டில் இப்படிப்பட்ட சுவர்களை நிறையச் செய்திருக்கிறார்கள். ஏணி போட்டு ஒட்டிய வேலை அல்ல. வீட்டுச் சுவர் வார்க்கும் தொழிற்சாலையிலேயே ஓட்டுத் துண்டுகளைப் பலகையோடு சேர்த்து வார்த்து, இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். அதாவது அலங்காரம் வேண்டாம் என்று சொன்ன அதே முறைக்குள்ளே புகுந்து, அதன் அச்சையே பயன்படுத்தி அலங்காரம் செய்துவிட்டார்கள். மெஷின்காரனான எனக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் ரொம்பப் பிடித்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இணைப்புக் கோடு பூக்களை வெட்டிக்கொண்டு போகிறது. அதை மறைக்கவும் முயலவில்லை.

அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் யாரோ ஏசிக்குத் துளை போட்டிருக்கிறார்கள். சரி, வெயிலில் வேகவும் முடியாதே.

மே 5, ஞாயிறு

ஃபர்ஹாத் பஜார். தக்காளி, கொத்தமல்லி, சீரகம் எல்லாம் கிடைத்தன. கறிவேப்பிலை கேட்கவே இல்லை.

ஒரு வரிசை முழுக்கக் கொரியப் பெண்கள். மெல்லிசாகச் சீவிய கேரட்டைப் பூண்டு, மல்லித்தூள், மிளகாய், வினிகர் போட்டுக் குவித்து வைத்திருக்கிறார்கள். கொரியாவில் இப்படி ஒரு பதார்த்தம் வழக்கத்தில் இல்லை. 1937-ல் ஸ்டாலின், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருந்த கொரியர்களை ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, ஏறத்தாழ 1,72,000 பேரை ரயிலில் ஏற்றிக் கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பினார். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய கோஸ் கிடைக்கவில்லை, கேரட் கிடைத்தது. இன்று உஸ்பெக் கல்யாணங்களிலும் இது இல்லாமல் மேஜை நிரம்புவதில்லை. பக்கத்துக் கடையில் செபுரெக், மாவுக்குள் இறைச்சிப் பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்தது. அது 1944-ல் இதே மாதிரி ஏற்றி அனுப்பப்பட்ட கிரிமியத் தாதர்களுடையது.

கால் கிலோ கேரட் வாங்கினேன். விற்ற பாட்டிக்கு ரஷ்ய மொழியும் உஸ்பெக்கும் வருகிறது, கொரிய மொழி கொஞ்சம்தானாம். தயிர்சாதத்துக்கு நன்றாகத் தொட்டுக்கொள்ளலாம்.

மே 9, வியாழன்

விடுமுறை. ரஷ்யாவில் இது இரண்டாம் உலகப் போரின் வெற்றி நாள், இங்கே நினைவு நாள்.

மக்கள் நட்பு மாளிகைக்கு முன்னால் இருக்கும் ஷாமஹ்முதோவ் குடும்பச் சிலையில் கூட்டம். கொல்லர் ஷாஅஹ்மத், மனைவி பஹ்ரி. போர்க்காலத்தில் ரயில் ரயிலாக இங்கே வந்த அநாதைக் குழந்தைகளில் 15 பேரை எடுத்து வளர்த்தவர்கள். சிலையை 2008-ல் நகரத்துக்கு வெளியே தள்ளிவைத்தார்கள், 2018-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் மக்கள் நட்பு என்ற பழைய பெயர் அப்போதுதான் திரும்ப வந்தது. எந்த ஆட்சி எந்த நினைவை எங்கே வைக்கும் என்பதை இந்த ஒரு சிலையின் போக்குவரத்தை வைத்தே எழுதிவிடலாம்.

மே 12, ஞாயிறு

சிலான்சார் பாதையில் மெட்ரோ. 1977 நவம்பரில், புரட்சியின் 60-ம் ஆண்டுக்குத் திறந்தது. மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. மாஸ்கோவில் போல ஆழத்துக்கு இறங்க வேண்டாம், கொஞ்சம் படிகள்தான். அணுகுண்டு விழுந்தால் பதுங்குமிடமாகவும் வைத்திருந்ததால் உள்ளே படமெடுக்கத் தடை இருந்தது. அந்தத் தடையை 2018-ல்தான் நீக்கினார்கள். அதற்கு முன் வந்திருந்தால் இந்தப் போன் என் கையில் இருந்திருக்குமா தெரியாது.

லெனின் சதுக்கம் நிலையம் இப்போது சுதந்திரச் சதுக்கம். அக்டோபர் புரட்சி, அமீர் தைமூர் ஆகிவிட்டது. மேலே பூங்காவிலும் அதே கதை: மார்க்ஸ் தலை இருந்த இடத்தில் 1993 முதல் தைமூர் குதிரையில் இருக்கிறார். அங்கிருந்த பழைய சினார் மரங்களை 2009-ல் வெட்டிவிட்டார்கள். மார்க்ஸ் போனதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. மரங்களைப் பற்றி ஓபா இன்னும் கோபமாகப் பேசுகிறார்.

பஹ்தகோர் நிலையத்தில் வெகுநேரம் நின்றேன். பருத்தி விவசாயி என்று பெயர்; சுவர் முழுக்க வெடித்த பருத்திக் காய் மொசைக். பஞ்சு இந்த ஊருக்குச் சோறும் போட்டது, கழுத்தையும் பிடித்தது. ஆரல் கடலுக்குப் போக வேண்டிய இரண்டு ஆறுகளையும் பருத்திக்குத் திருப்பிவிட்டுக் கடலை வற்ற வைத்தார்கள். பஞ்சு மட்டும் மூட்டையாக ரஷ்ய ஆலைகளுக்குப் போனது. இப்போது உள்ளூரிலேயே நூற்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

மே 19, ஞாயிறு

நேற்று ராத்திரி எங்கள் முற்றத்தில் கேரட் நறுக்கும் விழா. எதிர்வாசல் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம், இன்று விடியலில் ஊருக்கெல்லாம் பிலாவ். முந்தைய இரவு அக்கம்பக்கத்து ஆண்கள் கூடிக் கேரட் நறுக்க வேண்டும் என்பது வழக்கம். பழைய மண்கல் மகல்லாக்களில், அதாவது அக்கம்பக்கக் குடியிருப்புகளில் நடந்தது, இங்கே மூன்று கட்டடங்களுக்கு நடுவில் மெர்க்குரி விளக்கடியில் நடக்கிறது. நீள மேஜை, மலையாகக் கேரட், ஆளுக்கொரு கத்தி, நடுநடுவே பச்சைத் தேநீர். எனக்கும் ஒரு கத்தி கிடைத்தது. துருவக் கூடாது, தீக்குச்சி கனத்துக்கு நீளமாக நறுக்க வேண்டும். என் வெட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர் எதுவும் சொல்லாமல், நான் நறுக்கியதை எடுத்து இன்னும் மெல்லிசாக்கிக் கொண்டிருந்தார்.

பேச்சு முழுக்க எங்கள் வரிசைக்குப் பின்னால் வரப்போவதாகச் சொல்லப்படும் உயரக் கட்டடத்தைப் பற்றி. குவார்ட்டலுக்குள் திட்டக்காரர்கள் விட்டுவைத்த காலி இடம்தான் இப்போது விலை போகிறது. நகர மையத்தில் டாஷ்கண்ட் சிட்டி வளாகத்துக்காகப் பழைய மகல்லாக்களையும், சோவியத் காலத்து சினிமா மாளிகையையும் இடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2019-லிருந்து மரம் வெட்டத் தடை இருக்கிறதே என்றார் ஒருவர். மரம் தானாகவே பட்டுப்போகும், நீங்கள் பார்க்கத்தானே போகிறீர்கள் என்றார் இன்னொருவர். மகல்லா கமிட்டித் தலைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரன் கையெழுத்து செல்லாது என்று என்னை விட்டுவிட்டார்.

கட்டடத்தை அழகானது என்று அந்த மேஜையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் இணைப்புகள் வழியே காற்று வருவதையும், குழாய் துருப்பிடிப்பதையும் வரிசையாகத் திட்டினார்கள். அவர்கள் காப்பாற்றப் பார்ப்பது சுவர்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தை. அங்கே தப்சான் மரக்கட்டில்களும், முசுக்கட்டை மரங்களும், இன்று காலை ஆள் உயரத்துக்கு ஆவி பறந்த அந்தக் கசான் என்ற பெரிய சமையல் கொப்பரையும் இருக்கின்றன.

ஐந்து மணிக்கே பிலாவ் தயார். நானூறு பேராவது சாப்பிட்டிருப்பார்கள். நான் இறைச்சி சாப்பிடாததால் ஓபா தனியாகச் சோறும் கேரட்டும் கொண்டைக்கடலையும் மட்டும் அள்ளிக் கொடுத்தார். இறைச்சிக் கொழுப்பு அதிலும் இருக்கும் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டேன்.

நாளை முதல் வெந்நீர் வராது என்று நுழைவாயிலில் நோட்டீஸ். நகரம் முழுக்கக் கொதிகலன் நிலையத்திலிருந்து வரும் குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்திச் சோதிக்கும் சோவியத் வழக்கம். பெரிய பக்கெட் ஒன்றும் ஹீட்டர் சுருளும் வாங்க வேண்டும்.