உளவுத்துறையைக் கேள்வி கேட்பது யார்?

1991 மே 21 அன்று, சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, பாதுகாப்பில் யார் கோட்டைவிட்டார்கள் என்று ஆராய நீதிபதி வர்மா ஆணையமும், சதியின் பின்னணியை ஆராய நீதிபதி ஜெயின் ஆணையமும் அமைக்கப்பட்டன. ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997இல் வெளியே கசிந்து, குஜ்ரால் அரசையே கவிழ்த்தது. ஆனாலும் உளவு அமைப்புகளை நிரந்தரமாகக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு இன்றுவரை அமையவில்லை.

1968இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தாய்ச்சட்டம் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் நீங்கலாக, அதற்கும் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கும் விலக்கு அளிக்கிறது. உளவு அமைப்புகளைச் சட்டத்துக்கும் நாடாளுமன்றக் கண்காணிப்புக்கும் உட்படுத்த, காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2011இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சட்டமாகவில்லை. (1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாதான் சட்டமானது?)

பிரிட்டனில் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு, ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டு ஆவணங்களைப் பார்க்கிறது. வெளியிட முடியாத இடங்களில் அதன் அறிக்கைகள் மூன்று நட்சத்திரக் குறிகளை இடுகின்றன. அங்கும் எல்லாம் சரியென்று சொல்லிவிட முடியாது: ரஷ்யா பற்றிய அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் சென்றும், 2020 ஜூலையில்தான் வெளியானது. இருந்தாலும், நட்சத்திரக் குறிகள் நிறைந்த ஓர் அறிக்கையாவது நம் மக்களவை மேசைக்கு வரட்டும் என்பதே என் விருப்பம்.