"ஒன்றுமில்லை" என்று சொன்ன நாள்

"ஒன்றுமில்லை அம்மா, அவ்வளவுதான், முடிந்துவிட்டது" என்றேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மெத்தையை இறுகப் பிடித்துக்கொண்டு, தரை தட்டுப்படுகிறதா என்று கால் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஒன்றுமில்லையா? அப்படியானால் எட்டு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேனே, அது எதற்கு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி இதை அன்றே மறந்திருப்பேன். அவர் பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சிரித்தேன். ஏளனச் சிரிப்பு இல்லை. குணமாகிவிட்டாரே என்ற மகிழ்ச்சியில் வந்தது. "இனிமேல் படுத்தே தூங்கலாம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வெளியே அடுத்தவர் காத்திருந்தார்.

இது நடந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. சமநிலைக் கோளாறுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவராக அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரை அதே கட்டிலில் படுக்கவைத்து எழுப்பியிருக்கிறேன். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

அவர் நூலகத்தில் பணிபுரிபவர். மேல்தட்டிலிருந்து புத்தகம் எடுக்க அண்ணாந்தால் உலகமே சுழல்கிறது. கீழ்த்தட்டுக்குக் குனிந்தாலும் அப்படியே. இரவில் வலப்பக்கம் திரும்பினால் கட்டிலோடு சேர்த்து யாரோ புரட்டிப் போட்டதுபோல் இருக்கிறது. ஒரு கட்டத்தில் படுப்பதையே விட்டுவிட்டார். என்னிடம் வருவதற்கு முன் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருந்தார். எல்லோரிடமும் "மயக்கம் வருகிறது" என்று சொல்லியிருக்கிறார். நம் மொழியில் இந்தச் சொல்லுக்குப் பொறுப்பு அதிகம். நினைவு தப்பி விழுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், அறை சுழல்வதும் மயக்கம். கேட்டவர்கள் முதல் பொருளை எடுத்துக்கொண்டு இதயத்தைப் பார்த்தார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அது தவறில்லை, பார்க்கத்தான் வேண்டும். எல்லாம் நார்மல் என்று வந்தது. நான்கு முறையும் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றே: ஒன்றுமில்லை.

நான் அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன செய்தால் வருகிறது என்று கேட்டேன். தலைசுற்றலை விவரிக்கச் சொன்னால் ஒருவரே காலையில் ஒரு சொல்லும் மாலையில் வேறொரு சொல்லும் சொல்வார். எப்போது, எதனால் என்பதில் அவ்வளவு மாறமாட்டார். அவர் சொன்ன பதிலிலேயே பாதி புரிந்துவிட்டது. தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பிப் பிடித்து, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி படுக்கவைத்தேன். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952இல் எழுதிவைத்த சோதனை அது. மூன்று நான்கு விநாடிகள் எதுவும் நடக்கவில்லை. பிறகு அவருடைய கண்மணிகள் சுழன்று சுழன்று துள்ளத் தொடங்கின. என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

துள்ளல் நின்றதும் "எவ்வளவு நேரம் இருந்தது?" என்று கேட்டேன். "ஐந்து நிமிடம் இருக்கும்" என்றார். "இருபத்திரண்டு விநாடிதான் அம்மா" என்றேன்.

பிறகு எப்லி முறை. தலையை இடப்பக்கம் திருப்பி, காத்திருந்து, உடலோடு சேர்த்துப் புரட்டி முகத்தைத் தரைப்பக்கம் கொண்டுவந்து, மீண்டும் காத்திருந்து, எழுப்பி உட்காரவைத்தேன். எல்லாம் சேர்ந்து ஐந்தாறு நிமிட வேலை. உட்செவியில் புவியீர்ப்பை உணரும் பையொன்றில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் சில நேரம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். தலை அசைந்து நின்ற பிறகும் அவை குழலில் உள்ள திரவத்தை இழுத்துச் செல்ல, நின்றுகொண்டிருக்கும் தலை சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. படிகங்களை வந்த வழியே உருட்டித் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எப்லி முறை. தலையை எடுத்த ஸ்கேனில் அந்தப் படிகங்கள் தெரியாது. "காதுக்குள் சின்னப் படிகம்தான்" என்று அவரிடம் சொன்னேன்.

இருபத்திரண்டு விநாடிதான். சின்னப் படிகம்தான். அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் மூன்று 'தான்' சொல்லியிருக்கிறேன். அவருடைய எட்டு மாதத்தை ஒவ்வொரு 'தானு'ம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது பொய்யில்லை. கட்டியில்லை, பக்கவாதமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்பதைத்தான் நாம் ஒன்றுமில்லை என்ற ஒரே சொல்லில் சொல்கிறோம். அச்சம் இந்த நோயில் தனியாக ஒரு நோய். சுற்றிவிடுமோ என்று பயந்து கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தலையையும் உடலையும் ஒரே கட்டையாகத் திருப்புகிறவர்கள் தேறுவதற்குக் கூடுதல் காலமாகிறது. உட்செவி தவறான செய்தி அனுப்பினால் அதைச் சரிசெய்துகொள்ள மூளைக்கு அசைவு வேண்டும். அசையாமல் இருந்தால் அது கற்றுக்கொள்ளாது. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளைக்கூட முதல் சில நாட்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம் என்பது அதனால்தான். ஆகவே பயத்தைப் போக்குவது சிகிச்சையின் பகுதி. ஒன்றுமில்லை என்ற சொல்லும் மருந்துதான்.

இதை எழுதும்போதே எதிர்வாதமும் வருகிறது. நான்கு பேர் எதையும் கண்டுபிடிக்காமல் ஒன்றுமில்லை என்றார்கள். நான் கண்டுபிடித்த பிறகு சொன்னேன். எனக்கு இரண்டும் வேறு வேறு. அவர் காதில் விழுந்தது ஒரே சொல். வீட்டில் நம்பாதவர்களிடமும், மேல்தட்டுப் பக்கமே போகமாட்டேன் என்கிறாரே என்று முணுமுணுத்த சக ஊழியர்களிடமும் காட்டுவதற்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நோயின் பெயரை நான் தாளில் எழுதிக்கொண்டேன். அவரிடம் ஒருமுறை வேகமாகச் சொன்னேன், அவ்வளவே.

இந்த நோய்களின் வரலாறே இப்படிப்பட்டதுதான். இது காதிலிருந்தும் வரலாம் என்று 1861இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர் சொல்லும்வரை, கடுமையான சுழற்சியும் வாந்தியுமாக விழுந்தவர்களுக்கு மூளையில் இரத்தம் தேங்கிவிட்டதாகவே கருதினார்கள். அவர் சொன்னதை ஏற்கப் பலருக்கு மனமில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்தும் போனார். உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி, வலப்பக்கம் படுத்தால் மட்டும் தலைசுற்றும் ஓர் இளம்பெண்ணைப் பற்றி 1921இல் எழுதினார். என் நோயாளிக்கு வந்ததும் அதே வலப்பக்கம். ஜான் எப்லி தன் முறையை விரிவாக வெளியிட்டது 1992இல். அவரையும் முதலில் நம்பவில்லை. தலையைத் திருப்பியே குணப்படுத்துவதா என்றார்கள். நோயாளியை நம்பாததற்கும் மருத்துவரை நம்பாததற்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறை நிற்கிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அந்தச் சொல்லை விட்டேன். ஓர் உறுதிமொழி போலவே விட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒருவர் வந்தார். உயரமான சாரத்தில் ஏறிச் சுவருக்கு வர்ணம் பூசுகிற வேலை. மெனியர் நோய் என்று மருத்துவர் உறுதிசெய்து, சமநிலைப் பயிற்சிக்காக அனுப்பியிருந்தார். இது படிகம் அல்ல. உட்செவித் திரவம் மிகுந்து வீங்குவதோடு தொடர்புள்ள நோய். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை சுழற்சி நீடிக்கலாம். கூடவே காது அடைப்பு, இரைச்சல், ஏறி இறங்கும் கேட்கும் திறன். முன்னறிவிப்பே இல்லாமல் தள்ளிவிட்டதுபோல் விழுவதும் சிலருக்கு உண்டு. சாரத்தில் நிற்பவரிடம் இதை மறைத்தால் அது குற்றம். நான் மறைக்கவில்லை. ஏணி வேண்டாம், சாரம் வேண்டாம் என்றேன். நான் தரும் பயிற்சி இரண்டு தாக்குதல்களுக்கு இடையே உள்ள தள்ளாட்டத்துக்குத்தான் உதவும், தாக்குதலைத் தடுக்காது என்றேன். செவித்திறன் ஆண்டுகள் போகப் போகத் திரும்பாமல் போகலாம், சிலருக்கு மறு காதுக்கும் வரலாம் என்றும் சொன்னேன். பலருக்குச் சுழற்சி காலப்போக்கில் குறைந்துவிடும் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அதற்குள் அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் வெளியேறிய பிறகு மனைவி மட்டும் திரும்பி வந்து கதவோரம் நின்றார். "பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லக்கூடாதா, மேடம்?"

நான் சொல்லவில்லை. "உண்மையைத்தானே சொல்ல முடியும், அம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது சாரக்காரர் வீட்டு மாடிப்படி ஏறுவதைக்கூட விட்டிருந்தார். கீழ் அறையில் சுவரோரம் பாய் போட்டு, பெரும்பாலான நேரம் அங்கேயே இருப்பதாக மனைவி சொன்னார். நான் ஏணி வேண்டாம் என்றேன். அவர் நடமாட்டத்தையே குறைத்துக்கொண்டார். எந்த அச்சம் கழுத்தை விறைக்கவைக்கும் என்று மேலே எழுதினேனோ, அதே அச்சத்தை என் வாயாலேயே கொடுத்திருந்தேன். மீண்டும் நடக்கவைக்கப் பல வாரங்கள் பிடித்தன. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இருபுறமும் திருப்பும் பயிற்சியிலிருந்து தொடங்கினோம். இருட்டில் எழ வேண்டாம், சின்ன விளக்கு எரியட்டும் என்றேன். காது கைவிடும்போது கண்ணும் பாதமும்தான் உடலைத் தாங்குகின்றன. இருட்டில் கண்ணும் போய்விடும். தாக்குதல் வந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், கூச்சப்படக் கூடாது என்பதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்களுக்கு இது கடினம் என்பது என் அனுபவம்.

அவரிடம் அன்று உண்மையைத்தான் பேசினேனா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. நூலகத்து அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் அவரிடம் சொல்லித் தீர்த்தேனோ என்று தோன்றுகிறது. சொன்னவை எல்லாம் சரியான தகவல்கள். வரிசையை நான் தீர்மானித்தேன், எனக்காகத் தீர்மானித்தேன். நல்ல செய்தியை முதலில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சாரம் ஏறியிருப்பாரோ என்றும் அதே மூச்சில் தோன்றுகிறது. ஏறியிருப்பார் என்றே நினைக்கிறேன். அப்போது இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

சென்ற மாதம் பழைய கோப்புகளைப் புரட்டும்போது நூலகத்து அம்மாவின் தாள் கிடைத்தது. என் கையெழுத்தில் நோயின் பெயர், வலப்பக்கம், 22 விநாடி, எப்லி ஒருமுறை, அறிகுறி இல்லை. அதற்குக் கீழே நான் வழக்கமாக எழுதும் வரி இல்லை. இந்தப் படிகங்கள் பலருக்கு மறுபடியும் பெயரும். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திரும்பலாம். வந்தால் பதற வேண்டாம், இதே சிகிச்சைக்கு மறுபடியும் கேட்கும், உடனே வாருங்கள் என்று சொல்லி, சொன்னதைத் தாளிலும் குறித்துவைப்பேன். பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், நடக்கவே முடியாத தள்ளாட்டம் சேர்ந்து வந்தால் இது காது அல்ல, அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்வேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, அது திரும்பி வரும் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு சொல் அடுத்த பேச்சுக்கான இடத்தை அடைத்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால், பேச்சோடு பேச்சாக இதுவும் வந்திருக்கும்.

தாளில் தொலைபேசி எண் இருந்தது. மாலையில் அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைக்கவில்லை. நலமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பவரை அழைத்து, அது மறுபடியும் வரலாம் என்று சொல்லி எழுப்பிவிடுவதா என்று தோன்றியது. சாரக்காரரின் பாய் கண்முன் வந்தது. ஒருவேளை அது திரும்பி வந்து, இந்த முறை வேறு ஏதோ பெரிய நோய் என்று நினைத்து அவர் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறாரோ என்றும் தோன்றியது. அந்தத் தாளைக் கோப்புக்குள் திரும்ப வைக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.