பதிவேட்டில் ஏறாத சுற்றுகள்

1990 ஜனவரியில், பஸ்டர் டக்ளஸுடனான போட்டிக்காக டோக்கியோவில் பயிற்சி செய்துகொண்டிருந்த குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை, அவருடைய ஸ்பாரிங் துணைவர் (பயிற்சியில் எதிராளியாக நின்று மோதுபவர்) கிரெக் பேஜ் தரையில் வீழ்த்தினார். அடுத்த மாதம் டக்ளஸ் அதையே செய்தபோது உலகமே வியந்தது. பேஜின் குத்துக்கோ எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. தென்னாப்பிரிக்க ரசிகர்களுக்கு இந்தப் பேஜ் புதியவர் அல்லர். 1984 டிசம்பரில் எங்கள் நாட்டுச் சன் சிட்டியில் தென்னாப்பிரிக்கரான கெர்ரி கூட்சியாவை எட்டாவது சுற்றில் சாய்த்து உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்துச் சென்றவர் அவரே. (அந்தச் சுற்று உரிய மூன்று நிமிடத்தைத் தாண்டி ஓடியது என்ற சர்ச்சை எழுந்தது.)

ஸ்பாரிங் துணைவர் என்றாலே துணிவில்லாமல் ஒதுங்கியவர் என்று டர்பனில் எங்கள் ஆட்கள் பேசிவிடுவதுண்டு. எனக்கு அது ஒப்புவதில்லை. முகமது அலியோடு பயிற்சி செய்த ஜிம்மி எல்லிஸ் 1968இலும், லாரி ஹோம்ஸ் 1978இலும் உலகப் பட்டம் வென்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்படி மேலே வராதவர்களின் திறமை குறைவு என்று அதற்குப் பொருளில்லை. தொழில்முறைப் போட்டிக்குத் திறமை மட்டும் போதாது; டிக்கெட் விற்கும் பெயரும், ஏற்பாட்டாளரின் தயவும், போட்டி ரத்தானால் மாதக்கணக்கில் கூலியின்றித் தாக்குப்பிடிக்கும் வசதியும் வேண்டும். அதிலும் இடதுகைக்காரர் நன்றாக ஆடுபவராக இருந்துவிட்டால், அவரோடு மோத எவரும் முன்வருவதில்லை, பயிற்சிக்கு மட்டும் எல்லாரும் அழைப்பார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா மகன் அத்தகைய இடதுகைக்காரர். வாரக்கூலிக்கு வேலை செய்யும் அவர், தம்மை அமர்த்தியவர் மோதப்போகும் எதிராளியின் காணொளிகளைப் பார்த்து, அவன் தோளை இறக்கும் விதத்தையும் பின்வாங்கும் திசையையும் தம் உடம்பில் ஏற்றிக்கொள்வார். புருவத்தில் வாசலின் தடவி, தலைக்கவசம் அணிந்து, போட்டியில் போடும் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறைக்குப் பதிலாக 16 அவுன்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு வளையத்துக்குள் இறங்கினால், நமக்குத் தெரிந்த அண்ணன் அங்கே இருக்க மாட்டார். ஒருமுறை, ஜாப் (முன்னிருக்கும் கையால் நேராக விடும் குத்து) வீசியபின் கையைத் தாழ்த்திவிடும் இளைஞன் ஒருவனுக்கு, தாழ்ந்த அந்தக் கைக்கு மேலாக மூன்று முறை மெல்லத் தட்டினார். நான்காவது முறை வாய்ப்புக் கிடைத்தும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மூணு தரம் காட்டிட்டேன் தம்பி. இன்னொரு தரம் காட்டினா பயந்துடுவான். பயந்தவன் போட்டியில தோத்தா, அடுத்த தடவை என்னை யாரு கூப்பிடுவா?" என்றார். எதிராளியை அடிக்கத் தெரிந்தவர் பலர் உண்டு. எவ்வளவு அடித்தால் அவன் கற்றுக்கொள்வான் என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இவர்கள் செய்தியில் வருவதெல்லாம் ஏதேனும் தவறு நேரும்போதுதான். 1974இல் ஸயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பில் மக்மர்ரி என்ற துணைவரின் முழங்கை பட்டு ஜார்ஜ் ஃபோர்மனின் கண்ணருகே கிழிந்ததால், அலியுடனான போட்டி செப்டம்பர் 25இலிருந்து அக்டோபர் 30க்குத் தள்ளிப்போனது.

என் ஆதங்கம் வேறு. போட்டியில் நாக் அவுட் ஆனவரைச் சில காலம் வளையத்துக்குள் விடாமல் நிறுத்திவைக்க விதிகள் உண்டு. பயிற்சிக்கூடத்தில் அதே குத்தை வாங்கியவர் மறுநாள் மாலையே வேலைக்கு வரலாம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்குமே தவிர, மூளை குலுங்குவதைத் தடுக்காது. பதிவேட்டில் ஏறும் போட்டியே எப்போதும் பாதுகாப்பாக நடப்பதில்லை: 2001இல் கென்டக்கியில் பேஜ் மூளையில் காயப்பட்டுச் சரிந்தபோது அரங்கில் ஆம்புலன்ஸ்கூட இல்லை. அப்படியிருக்க, கூலிக்குக் குத்து வாங்குபவரின் சுற்றுகளை எவர் எண்ணப்போகிறார்?

அண்ணி வற்புறுத்தியதால் அண்ணன் இப்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் ஆடிய சுற்றுகளையும், தலைவலி வந்ததா என்பதையும் குறித்துவைக்கிறார். தலைவலி வந்த வாரத்தில் யார் அழைத்தாலும் அவர் போவதில்லை. அந்த வாரத்துக்குக் கூலியும் கிடையாது.