அவுட் என்றால் அவுட்தான்

சிறப்புக் குழந்தைகளுக்கு மட்டைப்பந்து விளையாட்டு சொல்லிக்கொடுக்கப் புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இவனால் பந்தை அடிக்க முடியுமா சார்?" என்பதைத்தான். அடிக்க வைத்துவிடலாம். அதற்கு வழிகள் இருக்கின்றன, பொறுமையும் வேண்டும். என் வேலையில் அதைவிடச் சிரமமானது, அவுட் ஆனதும் மட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நகரப் பழக்குவது. இந்தக் குழந்தைகளுக்கும் அவுட் கொடுக்கத்தான் வேண்டும் என்று கூட நிற்கும் பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது அதைவிடவும் சிரமம்.

முதலில் அடிப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரும் பந்தை அடிப்பது லேசான காரியமல்ல. கண் பந்தை விடாமல் தொடர வேண்டும். அது எங்கே, எப்போது வந்து சேரும் என்று மூளை முன்கூட்டியே கணிக்க வேண்டும். இரண்டு கைகளும் சேர்ந்து உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வீச வேண்டும், கால் தடுமாறக் கூடாது. இதில் ஏதாவது ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் மட்டை காற்றைத்தான் அடிக்கும். அதனால் ஆரம்பத்தில் பந்தை வரவிடுவதே இல்லை. இடுப்பு உயரக் கூம்பின் மேல் பந்தை உட்காரவைத்து, மட்டையைப் பந்துக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொடுத்து, கடைசித் தள்ளலை மட்டும் குழந்தையிடம் விடுவேன். அது பழகியதும் மட்டையை ஒரு சாண் பின்னுக்குக் கொண்டுபோவது, பிறகு தோள்வரை. எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் கடைசியில்தான். இப்படித் தலைகீழாகத் தொடங்குவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு முயற்சியும் பந்து உருண்டோடுவதில்தான் முடியும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியின் வலது கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். விரல்களைப் பிரிக்க இழுத்தால் இறுக்கம் கூடும், வலிக்கவும் செய்யும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும் என்று இயன்முறை சிகிச்சையாளர் காட்டிக்கொடுத்தார். அந்த நேரத்தில் கைப்பிடியை உள்ளே நுழைத்து, மணிக்கட்டை நேராக்கினால் விரல்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கினோம், மட்டையின் முகத்தையும் அகலமாக்கினோம். அவள் முதன்முறையாகத் தனியாக அடித்தபோது எல்லோரும் ஒரே சத்தமாகக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் உடம்பு தூக்கிப்போட்டது, கை மறுபடி இறுகிக்கொண்டது, அடுத்த பந்து தவறிப்போனது. அன்றிலிருந்து அவளுக்குக் கைதட்டல் இல்லை, எல்லோரும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டுவோம். அவளும் இடது கையை ஆட்டிக் காட்டுவாள்.

நின்ற பந்திலிருந்து வரும் பந்துக்குப் போகும்போது பலரும் பலூனில் தொடங்குவார்கள். மெதுவாக மிதந்து வருவதால் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கும், நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் குறைபாடு, உள்ள குழந்தைகளுக்கு லேடக்ஸ் எனும் ரப்பர் பால் ஒவ்வாமை அதிகம், அவர்கள் இருக்கும் இடத்தில் ரப்பர் பலூன் கூடாது. பலூன் ஒருமுறை வெடித்துவிட்டால் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் பிறகு மைதானத்துப் பக்கமே வர மாட்டார்கள். காற்றடித்த பெரிய பிளாஸ்டிக் பந்து போதும். அதன்பின் ஸ்பாஞ்ச் பந்து, பிறகு டென்னிஸ் பந்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலருக்குப் பார்வைக் குறைவும் உண்டு. பந்தைத் தவறவிட்டால் கை வரவில்லை என்று முடிவுகட்டும் முன் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டும் உறுதியில்லாமல் இருக்கும். விழுந்து புரண்டு பந்தைத் தடுக்கச் சொல்லும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது கட்டாயம்.

ஃபீல்டிங்கில் பெரிய சிக்கல் காத்திருப்பதுதான். நிற்கும் இடத்துக்கு ஒரு வளையம் போட்டுவிட்டால் பாதி தீர்ந்துவிடும்.

இனி அவுட்டுக்கு வருகிறேன். விதிகளை வளைப்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பார்வையற்றோர் கிரிக்கெட் எனக்கு அதில் பெரிய பாடம். 1922இல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவில் கற்களைப் போட்டுக் குலுங்கவைத்து ஆடிய ஆட்டம், 1998இல் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடக்கும் அளவுக்கு வளர்ந்தது. உள்ளே சிறு இரும்புக் குண்டுகள் குலுங்கும் பிளாஸ்டிக் பந்து, அதைக் கையைத் தாழ்த்தித் தரையோடு வீச வேண்டும். வீசுபவர் "ரெடியா?" என்று கேட்பார், மட்டை பிடித்தவர் பதில் சொன்ன பிறகே "ப்ளே" என்று சொல்லி வீசுவார். பார்வை முற்றிலும் இல்லாதவர் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகும். அவர் பிடித்த பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பியதாக இருந்தாலும் அது கேட்ச்தான். இவ்வளவு மாற்றியவர்கள் அவுட்டை எடுத்துவிடவில்லை. பந்து ஸ்டம்பில் பட்டால் கிளம்ப வேண்டியதுதான். அந்த "ரெடியா", "ப்ளே" இரண்டையும் என் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுத்துகிறேன். "பந்தைப் பாரு, மட்டையைத் தூக்கு, இதோ வருது" என்று பெரியவர்கள் நாலு பக்கமும் கத்துவதைவிட அந்த இரண்டு சொற்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

உதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் இளகிய மனதுக்காரர்கள். கைக்கு வந்த கேட்சை நழுவவிடுவார்கள், ஸ்டம்ப் விழுந்தால் "காத்துல விழுந்துடுச்சு" என்பார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் எதிர்முனையில் பந்து வீசியதும் ஒரு சிறப்புக் குழந்தைதான் என்பதை மறந்துவிடுகிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் வாரக்கணக்கில் பழகி நேராக உருட்டக் கற்றிருந்தாள். அவள் பந்தில் ஸ்டம்ப் விழுந்தது. நடுவராக நின்றவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அவள் பந்தை வாங்க மறுத்து என்னிடம் வந்தாள். "சார், நான் அவுட் எடுத்தேன். மிஸ் வேணும்னே குடுக்கல" என்றாள். மட்டை பிடித்தவனுக்குக் காட்டிய இரக்கம் அவளுடைய விக்கெட்டிலிருந்து எடுத்தது. நான் அந்த அவுட்டைக் கொடுத்தேன்.

அதற்காக எந்தக் குழந்தையையும் ஒரே நாளில் அவுட்டின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட முடியாது. முதலில் ஜோடியாக ஆடும் முறை. ஒவ்வொரு ஜோடிக்கும் இத்தனை ஓவர் என்று வைத்து, அவுட்டானால் ஓட்டத்தில் சிலவற்றைக் கழித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். குழந்தை கிரீஸை விட்டுப் போக வேண்டியதில்லை, அதே சமயம் அவுட்டுக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்துகொள்ளும். அடுத்து, அவுட்டையே தனிப் பாடமாக நடத்துவது. நான் மட்டை பிடிப்பேன், குழந்தைகள் என்னை அவுட்டாக்குவார்கள், நான் மட்டையைக் கொடுத்துவிட்டு நடப்பேன். அதில் அவர்களுக்கு வரும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் அவுட் என்ற சத்தம் கேட்டாலே ஸ்டம்பைப் பிடுங்கி எறிவான். தோற்றுவிட்ட கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் கூடவே நின்று கவனித்தபோது, அவன் சுற்றும் முற்றும் பார்ப்பது தெரிந்தது. மட்டையைக் கொடுத்த பிறகு எங்கே போவது, என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று படங்கள் கொண்ட பட்டை ஒன்று செய்தேன். மட்டை, உயர்த்திய விரல், ஸ்கோர் பலகை. அவுட்டானதும் அவன் பலகைக்குப் போய் எண்களை மாற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன் பட்டையை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். கொஞ்ச காலம் பலகைவரை நான் கூடவே நடந்தேன். பிறகு அவனே நடந்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். சுளிக்கட்டும், எந்த ஆட்டக்காரர்தான் அவுட்டாகிச் சிரித்துக்கொண்டு போகிறார்?

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. கடுமையான பல்வகைக் குறைபாடுகள் உள்ள சிலருக்கு, மட்டையில் பந்து படும் அதிர்வு கைக்கு ஏறுவதே ஆட்டம். அங்கே நான் ஸ்டம்ப் நடுவதில்லை, ஓட்டமும் எண்ணுவதில்லை. யாரை எப்போது போட்டிக்குள் கொண்டுவருவது என்று பெற்றோரிடமும் சிகிச்சையாளரிடமும் பேசித்தான் முடிவெடுக்கிறேன். எனக்கென்று ஓர் அடையாளம் உண்டு. பந்தை அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும் குழந்தைக்கு இன்னும் கூம்பின் மேல் பந்து வைப்பேன். அடித்த பந்து யாரிடம் போகிறது என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் ஸ்டம்பைக் கொண்டுவந்து நடுவேன்.