பாதிப் பணம் முன்கூட்டி, இரண்டு மாத அவகாசம்

போன தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையோடு என்ன கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா, குட்டி குத்துவிளக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் லம்பாடிப் பெண்கள் கண்ணாடி பதித்துச் செய்கிற பூவேலை வைத்துத் தைத்த சுருக்குப் பை கொடுக்கலாம் என்றேன். "அதெல்லாம் ராஜஸ்தான் பக்கம்தானே கிடைக்கும், எங்கிருந்து வரவழைக்கப் போற?" என்று அண்ணி கேட்டார். நம்ம தருமபுரி மாவட்டத்திலேயே, அரூர் தாலுகாவிலேயே தைக்கிறார்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே சிட்லிங்கி போன பிறகுதான் தெரியும். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், சித்தேரி மலைக்கும் கல்ராயன் மலைக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தாக்கு அது. 1993-இல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி அங்கே ஒரு ஓலைக் குடிசையில் மருத்துவமனை ஆரம்பித்தார்கள். பள்ளத்தாக்கில் மலையாளி என்ற பழங்குடி மக்கள்தான் அதிகம் (கேரளத்துக்காரர்கள் இல்லை), கூடவே தாண்டா என்கிற லம்பாடிக் குடியிருப்புகளும் உண்டு. ஒரு காலத்தில் மாட்டு முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர்கள் லம்பாடிகள். ரயில் வந்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது, போதாக்குறைக்கு 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் வேறு. கடைசியில் அங்கங்கே நிலம் பார்த்துத் தங்கிவிட்டார்கள். பாட்டிமார் கண்ணாடியும் காசும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடையைத்தான் கட்டியிருக்கிறார்கள். அடுத்த தலைமுறை சேலைக்கு மாறியதும் கையிலிருந்த தையலும் போய்விட்டது. ஞாபகம் வைத்திருந்த வயதான பெண்கள் ஓரிருவரைப் பிடித்து, இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்து, டாக்டர் லலிதா முயற்சி எடுத்து ஆரம்பித்ததுதான் போர்கை என்கிற கைவினைக் குழு. லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம். அங்கே வாங்கிய பை ஒன்று பல வருஷமாக என் தோளில் தொங்குகிறது, ஒரு கண்ணாடி கூட உதிரவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தாண்டாவில் இருக்கிறார், அவரும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து தைக்கிறார்கள். கார்த்திகை மாதம் போய், நூற்றைம்பது பை வேண்டும், ஒன்று என்ன விலை என்று கேட்டேன். 250 என்றார். "நிறைய எடுக்கிறோமே அக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்று வாய் தானாகவே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. பாதி தைத்த துணி ஒன்றை மடியில் வைத்து, "இங்க உட்காரு கண்ணு" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் துணி, நடுவில் பத்து பைசா அளவு கண்ணாடி. கண்ணாடியில் ஓட்டை கிடையாது, பசையும் கிடையாது. குறுக்கும் நெடுக்கும் நாலு நூல் போட்டு முதலில் அதைக் கட்டிப்போடுகிறார், அப்புறம் அந்த நூல்களையே பிடிமானமாக வைத்துச் சுற்றி முடிச்சு முடிச்சாக ஒரு வளையம் எழுப்புகிறார். நூல் கொஞ்சம் தளர்ந்தால் கண்ணாடி நழுவும், கூட இழுத்தால் துணி சுருங்கும். ஒரு கண்ணாடி முடிய கால் மணி நேரம் ஆனது. ஒரு பைக்கு அப்படி ஐந்து, அதைச் சுற்றி முக்கோணமும் கட்டமுமாகத் தையல். மொத்தம் நாலு மணி நேரம், அதாவது அரை நாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். அதில் பாதி 168. துணி, நூல், கண்ணாடி, உள் துணி, சுருக்குக் கயிறு, பையாக மூட்டித் தரும் தையல்காரர் கூலி எல்லாம் மிச்சம் இருக்கிற 82 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். மண் வெட்டுகிற கூலியைத்தான் அந்த அக்கா கேட்கிறார், பல வருஷம் பழகிய விரலுக்கென்று ஒரு ரூபாய் கூடச் சேர்க்கவில்லை. இதில் நான் எதைக் குறைக்கச் சொன்னேன்? நினைக்க நினைக்க மனசு ரொம்ப கஷ்டமாகிவிட்டது.

என் அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவன் கூட வேலை செய்கிறவர் ஒரு கைவேலைப் பை பரிசு கொடுத்தாராம், திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது. அங்கே ஊருக்கு ஊர் வெல்ட்லாடன் என்று கடை இருக்கிறது, உலகக் கடை என்று அர்த்தம், ஏழை நாடுகளின் கைவினைஞர்களிடம் நியாய விலைக்கு வாங்கி விற்கிற கடை. இதெல்லாம் நேற்று வந்ததில்லை. 1946-இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோ போயிருக்கிறார். அருமையாகப் பூவேலை செய்கிற பெண்கள் வறுமையில் கிடப்பதைப் பார்த்து, அவர்கள் தைத்ததை வாங்கி வந்து தன் காரில் வைத்துத் தெரிந்தவர்களிடம் விற்றார். டென் தவுசண்ட் வில்லேஜஸ் என்ற கடைகள் அதிலிருந்து வளர்ந்தவைதான். கடல் தாண்டி இருப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள், ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற நாம் பேரம் பேசுகிறோம்.

அந்தக் கடைகள் செய்வதற்கு நியாய வணிகம் என்று பெயர். அது இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உலக நியாய வணிக அமைப்பு 10 விதிகள் வைத்திருக்கிறது. அதில் கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு இதுதான் விலையை விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த அக்காவே சொன்னார், முன்பு ஒரு கடைக்காரர் விற்றதும் பணம் தருகிறேன் என்று முப்பது பை வாங்கிப் போனார், மாதக்கணக்கில் நடக்கவிட்டு, கடைசியில் விற்கவில்லை என்று அழுக்கான பைகளைத் திருப்பிக் கொடுத்தாராம். துணிக்கும் நூலுக்கும் இவர்கள் வெளியில் வட்டிக்கு வாங்கிப் போட்டது. கைப்பணம் இல்லாதவர்களின் சரக்கை வைத்துக் கடைக்காரர் கடை நடத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவகாசமும் அப்படித்தான். நாலு பேர், காட்டு வேலையும் சமையலும் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஊசி பிடிக்க முடியும். ஒரு நாளைக்கு நாலு பேரும் சேர்ந்து இரண்டு பை. நூற்றைம்பதுக்கு எழுபத்தைந்து நாள் வேண்டும், என்னிடம் இருந்ததோ இரண்டு மாதம், நடுவில் ராகி அறுப்பு, பொங்கல். "அறுபது தர்றேன், அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்" என்றார். அவசரம் என்று நெருக்கியிருந்தால் ராத்திரி கண் விழித்துத் தைத்திருப்பார்கள். அண்ணனிடம் பேசி அறுபதுக்கு ஒத்துக்கொள்ள வைத்தேன். மொத்தம் 15,000, முன்பணம் 7,500. அக்கா அதைக் குழு நோட்டில் எழுதி, மற்ற மூவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-இல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது, அந்தப் பழக்கம் இங்கே பெண்களிடம் ஊறியிருக்கிறது. எங்கள் அம்மாவும் இப்படித்தான் நோட்டு வைத்திருந்தார்.

நடுவில் அண்ணி ஒரு கண்காட்சியில் "கைவேலை" என்று சொல்லி 120 ரூபாய்க்கு விற்ற பை ஒன்றை வாங்கி வந்து என்னிடம் காட்டினார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். ஒரே சீராக வெள்ளை நூல், துணியோடு ஒட்டிய காகிதம் மாதிரி ஒன்று, கண்ணாடி என்று இருந்தது பளபளக்கும் பிளாஸ்டிக். மெஷின் வேலை. கை வேலையின் உள்பக்கத்தில் முடிச்சு தெரியும், நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவியிருக்கும், இரண்டு பூ ஒரே மாதிரி இருக்காது. மெஷினில் தைத்ததை வாங்குவது தப்பில்லை, அதையும் ஒரு தொழிலாளிதான் ஓட்டுகிறார். ஆனால் கைவேலை என்று பொய் சொல்லி விற்கும்போது, நாலு மணி நேரம் உட்கார்ந்து தைத்தவர் கேட்கிற 250 அநியாய விலை மாதிரி ஆகிவிடுகிறது. அண்ணியிடம் நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அந்தப் பையையும் என் தோள் பையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே, "இது அந்தப் பொண்ணுங்க பொழப்புல மண்ணைப் போடற வேலை" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாவம் ஏழைகள் என்று வாங்காதீர்கள். பாவம் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு தடவை வாங்கி அலமாரியில் போட்டுவிடுவார்கள். பொருள் பிடித்திருந்தால் வாங்குங்கள், தையல் பிரிந்தால் போய்ச் சொல்லுங்கள், சரி செய்து தருவார்கள். சின்னக் குழுக்களிடம் முத்திரை, சான்றிதழ் எதுவும் இருக்காது, அதற்குச் செலவாகும். யார் தைத்தது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம், அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று விற்பவரிடம் கேட்டாலே போதும், நேர்மையாக நடத்துகிறவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு அறுபதும் வந்தது. நெருங்கிய உறவுக்கு மட்டும் கொடுத்தோம், மற்றவர்களுக்கு மஞ்சள் பை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா பையை உடனே இடுப்பில் செருகி வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டார். மீதி 7,500-ஐ மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணியும் கூட வந்தார். அவர் தம்பி கிருஷ்ணகிரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், ஆவணியில் கிரகப்பிரவேசம். நூறு பைக்கு அன்றைக்கே சொல்லி, பாதிப் பணத்தையும் அண்ணி கையாலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.