1942இல் நம் தீவில் நின்ற ஆறு பட்டாலியன்கள்

போன ஆவணியில் மெல்பேர்னிலிருந்து சித்தியின் மகன் ஊருக்கு வந்திருந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைப்பான், ஆனால் திருகோணமலை அவனுக்குப் புதிது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று எல்லாம் காட்டிவிட்டு நிலாவெளிக்குப் போகும் வழியில், உப்புவெளியில் வீதியோரமாக இருக்கிற யுத்த மயானத்தைக் கண்டதும் "அண்ணா, நிப்பாட்டுங்கோ" என்றான். உள்ளே போய் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வாசித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இதில எங்கட நாட்டு ஆக்கள் இருக்கினமா?" என்று கேட்டான். எங்கட நாடு என்று அவன் சொன்னது அவுஸ்திரேலியாவை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு நம் துறைமுகத்தை விட்டு ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குத் துணையாக வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் போயின. மறுநாள் இரண்டையும் ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. அவன் விடவில்லை. "அது கடற்படை. தரைப்படை வந்ததா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்து, யுத்தத்தைப் பற்றி எவ்வளவோ வாசித்த எனக்கு அது தெரியாமல் இருந்தது மனதை உறுத்தியது, அன்றிலிருந்து இரவில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் இதைத்தான் தேடி வாசிக்கிறேன்.

வந்திருக்கிறார்கள். ஆறு காலாட்படை பட்டாலியன்கள் (ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு), நாலு மாதம் இலங்கையில் நின்றிருக்கின்றன. ஆனால் அவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமென்றால் 1914இலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாம் உலக யுத்தத்துக்கு அவுஸ்திரேலியா அனுப்பிய படையில் எல்லோரும் தாமாக வந்து சேர்ந்தவர்கள். சனத்தொகை 50 லட்சம்கூட இல்லாத நாட்டில் சுமார் 416,000 பேர் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 60,000 பேர் இறந்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்புக்கு 1916இலும் 1917இலும் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தும் இரண்டு தடவையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். தொடக்கத்தில் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியவர்கள், 1917இல் ஐந்தடி போதும் என்று இறங்கி வந்தார்கள். அந்த ஒரு கணக்கே எவ்வளவு பேரை இழந்தார்கள் என்று சொல்லிவிடுகிறது.

பட்டாலியனை ஊர் பார்த்துத்தான் திரட்டினார்கள். 1 முதல் 4 வரை நியூ சவுத் வேல்ஸ், 5 முதல் 8 வரை விக்டோரியா, 9 குயின்ஸ்லாந்து, 10 தெற்கு அவுஸ்திரேலியா, 11 மேற்கு அவுஸ்திரேலியா, இப்படியே போகும். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெடியன்கள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே சுரங்கம், ஒரே ஆட்டுப் பண்ணை. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருந்து ஆயிரம் இளைஞர்களை எடுத்து ஒரே எண்ணின் கீழ் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலை நேரத் தாக்குதல் பிழைத்துப் போனால் அத்தனை ஊரிலும் ஒரே கிழமையில் செத்தவீடு.

இந்த இடத்தில் நம் தமிழுக்கும் ஒரு தொடர்பு வருகிறது. ஆளை ஏமாற்றக் கூடிய சூரனை "அவன் சரியான எம்டன்" என்று சொல்வோமே, அது 1914 செப்டம்பர் 22இல் மதராசைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர். நவம்பர் தொடக்கத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனி துறைமுகத்திலிருந்து இந்தப் பட்டாலியன்களை ஏற்றிக்கொண்டு கப்பல் கூட்டம் புறப்பட்டபோது எல்லோருக்கும் இருந்த பயம் எம்டனைப் பற்றியதுதான். காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் விலகிப் போய் 9ஆம் திகதி கொகோஸ் தீவில் எம்டனை அடித்து முடித்தது, சில நாட்களில் அந்தக் கூட்டம் கொழும்பு வந்து சேர்ந்தது. அடுத்த ஏப்ரல் 25இல் அதே பெடியன்கள் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கினார்கள்.

கலிப்பொலிக்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1916இல் படையைப் பெருக்க வேண்டும் என்று பழைய 16 பட்டாலியன்களையும் ஒவ்வொன்றாக இரண்டாக உடைத்தார்கள். பாதி பேர் பழைய எண்ணில், பாதி பேர் புது எண்ணில், மீதி இடத்துக்குப் புதிதாக வந்தவர்கள். 8ஆவது பட்டாலியனை உடைத்து 60ஆவது வந்தது. சில மாதம்தான். ஜூலை 19ஆம் திகதி மாலை பிரான்சில் ஃப்ரொமெல் என்ற இடத்தில் 60ஆவதை வெளிச்சத்திலேயே இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் அனுப்பினார்கள். அந்த ஒரு பட்டாலியனில் மட்டும் 757 பேர் இறந்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள், அது இருந்த முழு டிவிஷனுக்கும் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை) விடிவதற்குள் 5,533 பேர். பிறகும் ஆள் நிரப்பி அதே எண்ணோடு இரண்டு வருடம் சண்டைக்கு அனுப்பினார்கள். 1918 செப்டம்பரில் ஆட்கள் போதவில்லை, சில பட்டாலியன்களைக் கலைக்கிறோம் என்று உத்தரவு வந்தபோது, 37ஆவதின் ஆட்கள் மறுத்தே விட்டார்கள். சண்டைக்குப் போக மறுக்கவில்லை, வேறு எண்ணின் கீழ் போகத்தான் மாட்டோம் என்றார்கள். அதிகாரிகள் போன பிறகும் தாங்களே அணிவகுத்து நின்றார்கள், சாப்பாட்டைப் பக்கத்துப் பட்டாலியன்கள் கொடுத்தன. அந்த எண்ணைத் தவிர அவர்களிடம் ஊர் என்று சொல்ல வேறு எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, 1939. மறுபடி யுத்தம், மறுபடி தாமாகச் சேர்பவர்கள். பழைய எண்களை மிலிஷியா என்ற உள்நாட்டுப் பகுதிநேரப் படையின் பட்டாலியன்கள் வைத்திருந்ததால், வெளிநாட்டுக்குப் போகும் புதியவற்றுக்கு முன்னால் ஒரு 2 போட்டார்கள்: 2/1, 2/2, 2/3 என்று. இவை மூன்றும் நியூ சவுத் வேல்ஸ், மூன்றும் சேர்ந்து 16ஆவது பிரிகேட். 2/5, 2/6, 2/7 விக்டோரியா, 17ஆவது பிரிகேட். இவைதான் நான் தேடிய ஆறும்.

இலங்கைக்கு வரும்போது அவர்கள் புதுமுகங்கள் இல்லை. 1941 ஜனவரியில் லிபியாவில் பார்டியா, டோப்ருக், ஏப்ரலில் கிரேக்கம் என்று சண்டை கண்டவர்கள். கிரீட் தீவில் 2/1ஆவது ரெதிம்னோ விமானத்தளத்தைக் கடைசிவரை பிடித்து நின்று, பெரும்பாலும் அப்படியே கைதானது. 2/7ஆவது மற்றவர்கள் கப்பலேறுவதற்காகப் பின்காவலாக நின்று தானே கரையில் மாட்டிக்கொண்டது. இரண்டையும் திரும்ப ஆள் சேர்த்து உருவாக்கினார்கள். ரெக் சோண்டர்ஸ் என்ற ஆதிவாசி இளைஞர் 2/7ஐச் சேர்ந்தவர், பிடிபடாமல் கிரீட் கிராமத்து மக்களின் உதவியோடு ஏறத்தாழ ஒரு வருடம் ஒளிந்திருந்தார். அவருடைய பட்டாலியன் இலங்கை மழையில் கூடாரம் அடித்து நின்ற நாட்களில் அவர் இன்னும் அந்த மலைகளில்தான் இருந்தார். 1944இல் அவர் அவுஸ்திரேலிய இராணுவத்தில் அதிகாரியானார், அப்படி ஆன முதல் ஆதிவாசி என்று பரவலாகச் சொல்லப்படுபவர் அவர். அவருடைய தம்பி ஹரி அதற்கு முன்பே நியூகினியில் இறந்துவிட்டார்.

ஏன் இங்கே வந்தார்கள்? 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, அவுஸ்திரேலியாவின் 8ஆவது டிவிஷனின் பெரும்பகுதி அங்கே கைதானது. 19ஆம் திகதி டார்வினில் குண்டு விழுந்தது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பும் படையை பர்மாவுக்கு அனுப்பச் சொன்னார் சர்ச்சில், அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் கேர்ட்டின் முடியாது என்றார், பதில் வருவதற்குள் சர்ச்சில் கப்பல்களை பர்மா பக்கம் திருப்பியும் விட்டார். கேர்ட்டின் அசையவில்லை. தன் நாட்டுக் கரையே ஆபத்தில் இருக்கும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும், அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கடைசியில் இரண்டு பிரிகேட்டுகளைக் கொஞ்சக் காலத்துக்கு இலங்கைக் காவலுக்கு விட ஒத்துக்கொண்டார். மார்ச் கடைசியில் வந்தவர்கள், ஜப்பான்காரன் இறங்கினால் மறிக்க என்று தெற்கு, தென்மேற்குப் பக்கம் நின்றார்கள். திருகோணமலைக்கு அவர்கள் வரவில்லை.

இங்கே வந்தது குண்டுதான். ஏப்ரல் 9, சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதத்தில் விமானம் மோதி எரிந்த புகை நாட்கணக்கில் அடங்கவில்லை என்றும், பலகாரத்துக்கு இடித்த மாவை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தோம் என்றும் சாகும்வரை சொல்லுவா. "எங்களைப் பார்க்க ஒருத்தரும் இல்லை" என்பதும் அந்தக் கதையில் எப்போதும் வரும். அதே நாளில் தீவின் மறு கரையில், தங்கள் சொந்த நாட்டைக் காக்கப் போக முடியாமல், ஆறு பட்டாலியன் பெடியன்கள் நமக்குக் காவல் நின்றார்கள் என்று அவவிடம் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலையில் கப்பலேறி ஓகஸ்டில் வீடு போனார்கள். வீட்டில் இருக்க விடவில்லை. ஒக்டோபரில் 16ஆவது பிரிகேட் நியூகினியின் கொகோடா மலைப்பாதையில், ஈயோரா ஆற்றுப் பள்ளத்தில், மேலே இருந்து சுடும் ஜப்பான்காரனை நோக்கிச் சேற்றில் ஏறிக்கொண்டிருந்தது. இலங்கைக் காட்டில் பழகியது அங்கே உதவியது என்கிறார்கள். 17ஆவது பிரிகேட்டை 1943 ஜனவரியில் அதே நியூகினியில் வாவ் என்ற இடத்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள், சிலர் இறங்கிய உடனேயே ஓடுபாதையோரம் சண்டைக்குப் போனார்கள். அதற்கு முன், 2/6இன் ஒரு சிறு அணியோடு எதிரியை வழியில் தடுத்து வைத்திருந்த கப்டன் ஷேர்லொக் 29ஆம் திகதி காலை இறந்தார்.

தம்பிக்கு இதெல்லாம் குரல் பதிவாக அனுப்பினேன். மெல்பேர்ன் நினைவாலயத்தைச் சுற்றியுள்ள மரங்களின் அடியில் படைப்பிரிவுகளின் பெயர் பொறித்த தகடுகள் இருக்கின்றன, 2/5, 2/6, 2/7 எந்தெந்த மரத்தில் என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை போகிறானாம். காலி, மாத்தறைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாலு மாதத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், கீழே எழுதுங்கள்.