ஒரு மணி, மூன்று மணி, எட்டு மணி

கப்பல் கட்டும் யார்டுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. பட்டறைக் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு, பிளாக்கில், அதாவது பிறகு ஒன்றோடொன்று இணைத்துக் கப்பலாக்கும் பெரிய எஃகுப் பகுதியில் வைத்துச் செய்தால் மூன்று மணி நேரம் ஆகும். கப்பல் தண்ணீரில் இறங்கிய பிறகு உள்ளே போய்ச் செய்தால் எட்டு மணி நேரம். எண்கள் யார்டுக்கு யார்டு சற்று மாறலாம், கணக்கின் போக்கு மாறாது.

குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பைப் சப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். பிளாக்கைத் தலைகீழாகப் போட்டுக் கட்டும்போது அது வெல்டரின் காலடியில் இருக்கிறது. குனிந்து வெல்டு வைத்துவிட்டு அவர் அடுத்ததற்குப் போய்விடுவார். பிளாக்கைத் திருப்பிக் கப்பலில் ஏற்றிய பின் அதே இடம் தலைக்கு மேலே போய்விடும். அப்போது சாரம் கட்ட வேண்டும், காற்றோட்டக் குழாய் இழுக்க வேண்டும், தீப்பொறி பறக்கும் வேலைக்கான ஹாட் ஒர்க் பெர்மிட் வாங்க வேண்டும், தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். சுவரின் மறுபக்கம் பெயிண்ட் அடித்து முடித்திருந்தால் அது கருகும், அதைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். வெல்டு வைப்பது என்னவோ பத்து நிமிடம்தான்.

இந்தியாவில் கப்பல் கட்டும் தொழில் இத்தனை காலமாகியும் ஏன் பெரிதாக எழவில்லை என்ற கேள்விக்கு, கூலி, எஃகு விலை, அரசு மானியம் என்று பல பதில்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் யார்டுக்குள் நின்று பார்த்தால் கண்ணில் படுவது வேறு: ஒரு மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டிய வேலைகளை எட்டாவது மணி நேரத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

தொடக்கம் தாமதமானது அல்ல. தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா கப்பல் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் 1941-இல் யார்டுக்கு அடிக்கல் நாட்டியது. அங்கே கட்டிய ஜல உஷாவை 1948-இல் நேரு நீரில் இறக்கினார். கொச்சி யார்டுக்கு 1972 ஏப்ரலில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். தென்கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் தன் யார்டுக்கு மண் வெட்டத் தொடங்கியது அதே ஆண்டு மார்ச்சில். ஹூண்டாய் 2,60,000 டன் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டை 1974-இலேயே கட்டி எழுப்பிவிட்டது. கொச்சியின் முதல் கப்பலான ராணி பத்மினி 1981-இல்தான் வெளிவந்தது.

கைத்திறனில் குறை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. சிங்கப்பூர் யார்டுகளிலும் வளைகுடா யார்டுகளிலும் நம் வெல்டர்களும் ஃபிட்டர்களும் பல பத்தாண்டுகளாக முதல்தர வேலை செய்கிறார்கள். கொரியாவில் யார்டுக்குப் பக்கபலமாக மற்றவையும் கூடவே எழுந்தன. போஹாங் எஃகு ஆலை 1973-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1978-இல் ஹூண்டாய்க்குச் சொந்த எஞ்சின் தொழிற்சாலை வந்தது. கப்பல்களையும் ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்துக் கட்டினார்கள். நம் யார்டுகளுக்கு வந்ததோ பெரும்பாலும் ஒன்று, இரண்டு. ஒரு கப்பலில் கற்றது அடுத்த கப்பலுக்கு உதவுவதற்குள் அடுத்த கப்பலே வேறு ஜாதியாக இருந்தது.

தாமதம் பிறக்கும் இடம் வரைபட அறை. அங்கே இருப்பவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு ஜெனரேட்டருக்கு அடித்தளம் வரைய அதன் எடை, போல்ட் துளைகளின் இடம், எண்ணெய்க் குழாயும் புகைக்குழாயும் வெளியேறும் இடம் எல்லாம் தெரிய வேண்டும். அவை தயாரிப்பாளரின் வரைபடத்தில்தான் இருக்கும். ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டாமல் அவர் உறுதியான வரைபடம் அனுப்ப மாட்டார். டெண்டர், மறு டெண்டர் என்று வாங்குதல் மூன்று மாதம் தள்ளிப்போனால் வரைபடமும் மூன்று மாதம் தள்ளிப்போகும். பிளாக் அதற்காகக் காத்திருக்காது, ஏனென்றால் எஃகு வெட்டியாயிற்று என்று காட்டினால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். ஆகவே துளைகள் இல்லாமல், சப்போர்ட் இல்லாமல், வெறும் எஃகுப் பெட்டியாகப் பிளாக் வெளியே போகிறது. பிறகு கப்பலுக்குள் ஒவ்வொரு துளையாக வாயுச் சுடரால் வெட்டும் கேஸ் கட்டிங். வழக்கமான ஒப்பந்தத்தில் கையெழுத்து, எஃகு வெட்டு, கப்பலின் அடிமுதுகான கீல் வைப்பு, நீரில் இறக்கம், ஒப்படைப்பு என ஐந்து கட்டங்களில் பணம் வரும். அதில் ஒரு கட்டம்கூட உள்வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பதில்லை. வெறும் கூட்டை நீரில் இறக்கினாலும் தவணை வந்துவிடும். இந்த ஒன்றை மாற்றினாலே பல யார்டுகளின் பழக்கம் மாறும் என்று உறுதியாக நம்பலாம்.

அடுத்தது அளவு. வெல்டு வைத்தால் எஃகு சுருங்கும். இரண்டு பிளேட்டின் விளிம்புகள் எதிரெதிராகச் சேரும் ஒவ்வொரு பட் இணைப்புக்கும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். இருபது இணைப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் அந்தச் சுருக்கத்தைப் பிளேட் வெட்டும்போதே கூட்டி வெட்டுகிறார்கள். தெரியாதவர்கள் பாதுகாப்புக்காக பிளாக்கின் ஓரத்தில் 25 முதல் 50 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, கப்பலில் பொருத்தும்போது அறுக்கிறார்கள். அறுக்கும் வரை கிரேன் அந்தப் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அறுத்ததில் பிசகு வந்தால் இன்னும் சிக்கல். பின்பக்கம் செராமிக் பேக்கிங் என்ற பீங்கான் பட்டையைத் தாங்கலாக வைத்து ஒருபக்க வெல்டு செய்ய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். அது பெருகிவிட்டால் விளிம்பில் வெல்டை அடுக்கி வளர்த்து, பிறகு தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். பிளேட் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு அல்லது 25 மில்லிமீட்டர், இதில் எது குறைவோ அதையும் தாண்டினால் குறைந்தது 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஒரு வெல்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வந்துவிடும்.

நம் வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. 100 மீட்டர் நீளக் கப்பலின் மேல்தளம் அடிப்பகுதியைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், மேல்தளம் 24 மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். முழுக் கப்பலும் நடுவில் எழும்பி, இரு முனையும் தாழும். அதனால்தான் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டை நேர்கோட்டில் நிறுத்தும் ஷாஃப்ட் அலைன்மென்ட்டை இரவிலோ சூரியன் ஏறும் முன்போ எடுக்கிறார்கள். பகல் இரண்டு மணிக்கு எடுத்த அளவை நம்பி அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கை வைத்தால், கடல் சோதனையில் அந்த பேரிங் சூடாகித் தன் கோபத்தைக் காட்டும்.

மழைக்காலத்தில் தொல்லை வேறு விதம். லோ ஹைட்ரஜன் எலக்ட்ரோடு என்ற வெல்டிங் குச்சியை 300 முதல் 350 டிகிரியில் சுட்டு, 100 டிகிரிக்குக் குறையாத அடுப்பில் வைத்திருந்து, கையடக்கப் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். திறந்த பாக்கெட்டைத் தளத்தில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். வெல்டு அன்றைக்கு நன்றாகவே தெரியும், விரிசல் மறுநாள்தான் வரும். கடற்காற்று பலமாக வீசும் நாளில் வெல்டைச் சுற்றிக் காக்கும் CO₂ வாயுக் கவசம் கலைந்து வெல்டுக்குள் காற்றுத் துளைகள் விழும். ஒரு தார்ப்பாய்த் தடுப்பு கட்டினால் போதும், ஆனால் அதைக் கட்டத் தனியாக ஆள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

பெயிண்ட் இன்னும் கண்டிப்பானது. நிலைநிறுத்தும் கடல்நீரைத் தாங்கும் பேலஸ்ட் டேங்குகளுக்கு 15 ஆண்டு உழைக்கும் பூச்சு வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் விதி வகுத்தது. வெட்டிய விளிம்பெல்லாம் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டித் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும், கரையும் உப்பு ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பூச்சுத் தடிமன் 320 மைக்ரான். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, எஃகின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ தூரிகையைத் தொடக் கூடாது. கொச்சியின் ஜூன், ஜூலையில் இது ஈரமகற்றும் இயந்திரம் இல்லாமல் நடக்காது. இவ்வளவு பாடுபட்டு அடித்த பூச்சின் மறுபக்கத்தில்தான், தாமதமாக வந்த சப்போர்ட்டுக்கு வெல்டு வைக்கிறோம்.

கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தில் இந்தக் கதையின் இரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு எஃகு வராமல் போனபோது, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையும் அரசின் எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து போர்க்கப்பல் தர எஃகை உள்நாட்டிலேயே உருவாக்கின. இது சாதாரண சாதனை அல்ல. அதற்குப் பின் கட்டிய கப்பல்களுக்கும் அது கைகொடுக்கிறது. 2009-இல் கீல் வைத்து 2013-இல் நீரில் இறக்கினார்கள். படையில் சேர்ந்தது 2022 செப்டம்பரில். கூடு எழும்பியது நான்கு ஆண்டில், உள்வேலைக்கும் சோதனைகளுக்கும் ஒன்பது ஆண்டு.

இப்போது பணத்துக்குப் பஞ்சமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இத்துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கொச்சியில் 310 மீட்டர் நீளப் புதிய டிரை டாக், அதாவது நீரை வெளியேற்றிக் கப்பல் வேலை செய்யும் தொட்டி, 2024-இல் திறக்கப்பட்டது. டாக் தேவைதான். ஆனால் பம்ப், வால்வு, விஞ்ச், கேபிள் செய்யும் சிறு தொழிற்சாலைகள், கப்பலின் தரத்தைச் சோதிக்கும் அமைப்புகளிடம் கிளாஸ் சான்றிதழ் வாங்கி நிற்க வேண்டும். கோவையில் பம்பும் வால்வும் வார்ப்பும் செய்பவர்களுக்குத் திறமை இல்லாமலில்லை. வருடத்துக்கு நான்கே பம்பு விற்கும் சந்தைக்காக யார் சோதனைச் செலவை ஏற்பார்?

சின்னப் படகிலும் இதே கணக்குதான். நம் கரையோர ஃபைபர் படகுக்கு ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு அரை மில்லிமீட்டர். மெலிந்தால் ஊசித்துளை, தடித்தால் வெடிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடியிழை மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு ரெசின் என்ற பிசின், நெய்த இழையான வோவன் ரோவிங்குக்குச் சம எடை. வெயில் நேரத்தில் ரெசின் சீக்கிரம் இறுகுகிறதே என்று அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ரெசின் முழுதாக வேகாது, படகு நீரை உறிஞ்சிக் கொப்புளிக்கும். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரைக் குறைத்து, விடியற்காலையில் வேலையைத் தொடங்குவதே சரி. கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துவிடும். 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்த படகுகள் பலவற்றில் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் வைத்த பிளைவுட்டின் விளிம்பு மூடப்படவில்லை. எஞ்சின் போல்ட் துளை வழியே நீர் இறங்கி உள்ளே மரம் மக்கியது. விளிம்புக்கு ரெசின் பூச ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் பின்பலகையை வெட்டிப் புதுசு போட மூன்று நாள், அந்த மூன்று நாளும் மீனவருக்கு வருமானமில்லை.

பாய்மர யாட்டில் கூட்டைவிட மரவேலை, மின்வேலை, மெருகு ஆகியவற்றுக்கே மணி நேரம் அதிகம் போகும். கோவாவின் திவார் தீவில் ஒரு சிறு யார்டு, டச்சு வரைபடத்தை வைத்து மாதேயி என்ற 56 அடி பாய்மர யாட்டைக் கட்டி 2009-இல் கடற்படைக்குக் கொடுத்தது. மரப்பட்டிகளை ஒட்டி, மேலே ஃபைபரும் எபாக்ஸியும் போர்த்திய உடல். அதில்தான் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே தனியாக உலகைச் சுற்றினார். பிறகு இன்னொரு அதிகாரியான அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமலேயே சுற்றினார். அதே யார்டு அதே வரைபடத்தில் இரண்டாவதாகக் கட்டிய தாரிணி 2017 பிப்ரவரியில் படையில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கிளம்பி, 254 நாளில் உலகைச் சுற்றிக் கோவாவுக்கே திரும்பினார்கள்.